அமெரிக்கப் பிரைமரித் தேர்தல்: பெயர் பதிவு, கட்சிப் பதிவு, கடைசித் தேதி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2016 ஏப்ரல் 19. நியூயார்க்கில் எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. குடியுரிமை வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதன்முதலாக ஒரு பிரைமரியில் ஓட்டுப் போடப் போகிறோம் என்று வேலைக்கு அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். மேசையில் இருந்த அம்மாள் பட்டியலை இரண்டு முறை புரட்டினார். என் பெயர் இல்லை. பிறகு வேறொரு இடத்தில் விசாரித்துவிட்டு வந்து சொன்னார்: "நீங்கள் வாக்காளர்தான். ஆனால் எந்தக் கட்சியிலும் பதியவில்லை. இன்றைக்குக் கட்சியில் பதிந்தவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. போன அக்டோபரிலேயே மாற்றியிருக்க வேண்டும்."

தப்பு என்னுடையதுதான். பதிவுப் படிவத்தில் 'எந்தக் கட்சியும் வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக் போட்டது நானே. கட்சிக்காரன் என்று பெயர் வாங்குவானேன் என்கிற நம்ம ஊர் ஜாக்கிரதை. அன்றைக்கு ஒரே ஆறுதல், டொனால்ட் டிரம்பின் மகள் இவாங்காவுக்கும் மகன் எரிக்குக்கும் அதே கதி. அப்பா போட்டியிட்ட அதே பிரைமரியில், அதே அக்டோபர் தேதியைத் தவறவிட்டதால், பிள்ளைகள் ஓட்டுப் போட முடியவில்லை.

அதற்குப் பிறகு தேர்தல் வருடங்களில் தமிழ்ப் பள்ளி வாசலில் மேசை போட்டு, பதிவுப் படிவங்களோடு உட்காருவது வழக்கமாகிவிட்டது. அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை.

பிரைமரி என்பது என்ன? நம்ம ஊரில் அப்படி ஒன்று இல்லையே?

நம்ம ஊரில் கட்சி அலுவலகத்தில் விருப்ப மனு வாங்குவார்கள், நேர்காணல் நடத்துவார்கள், ஒரு நள்ளிரவில் வேட்பாளர் பட்டியல் வெளிவரும். யாருக்கு சீட்டு என்பதைத் தலைமை முடிவு செய்யும். அமெரிக்காவில் அந்த நேர்காணலை நடத்துவது வாக்காளர். ஒரு கட்சியின் சார்பில் நவம்பர் பொதுத்தேர்தலில் யார் நிற்பது என்பதை முடிவு செய்யும் தேர்தலுக்குத்தான் பிரைமரி என்று பெயர். பெரும்பாலும் மாநில அரசே வாக்குச்சாவடி வைத்து நடத்துகிறது. தேதியும் விதியும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இந்தியத் தேர்தல் ஆணையம் போல நாடு முழுக்கப் பட்டியலைப் பராமரிக்கும் ஒரே அமைப்பு இங்கே கிடையாது. அதனால்தான் "அமெரிக்காவில் கடைசித் தேதி எது?" என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் இல்லை.

நவம்பரில் போட்டால் போதாதா?

போதும், உங்கள் பகுதியில் இரண்டு கட்சிகளும் சரிசமமாக இருந்தால். பெரும்பாலான பகுதிகள் அப்படி இல்லை. ஒரு கட்சி அசைக்க முடியாத பலத்தோடு இருக்கும் இடத்தில், அந்தக் கட்சியின் பிரைமரியில் ஜெயித்தவர் நவம்பரில் ஜெயித்த மாதிரிதான். அங்கே நவம்பரில் மட்டும் ஓட்டுப் போடுவது, முகூர்த்தம் முடிந்து பந்திக்கு மட்டும் போவது போல.

நியூயார்க் நகரத்தில் 2025 ஜூன் 24 அன்று நடந்த மேயர் பிரைமரி நல்ல உதாரணம். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் யார் என்பதில்தான் ஊரே பேச்சாக இருந்தது. சோரான் மம்தானி முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவைத் தோற்கடித்தார். அதே நகரத்தில் எந்தக் கட்சியிலும் பதியாத வாக்காளர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அவர்கள் அத்தனை பேரும் அன்றைக்கு வேடிக்கை பார்த்தார்கள்.

வாக்காளர் பதிவும் கட்சிப் பதிவும் ஒன்றுதானே?

இல்லை. நான் ஏமாந்த இடம் இதுதான். இரண்டு பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பூட்டு, வாக்காளர் பட்டியலில் பெயர். இரண்டாவது, பெயருக்கு நேரே எந்தக் கட்சி என்று எழுதியிருக்கிறது என்பது. சில மாநிலங்களில் இரண்டாவது பூட்டே கிடையாது. சில மாநிலங்களில் இரண்டும் ஒரே நாளில் மூடும். சிலவற்றில் இரண்டாவது பூட்டு மாதக்கணக்கில் முன்னதாகவே மூடிவிடும். தேர்தல் நெருங்கும்போது தொலைக்காட்சியிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றி வரும் 'கடைசித் தேதி' பெரும்பாலும் முதல் பூட்டுக்கானது.

கட்சியில் பதிந்தால் சந்தா கட்ட வேண்டுமா? அந்தக் கட்சிக்குத்தான் போட வேண்டுமா?

சந்தா இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை, கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். யாருக்குப் போட்டீர்கள் என்பது ரகசியம். எந்தக் கட்சியில் பதிந்திருக்கிறீர்கள் என்பது ரகசியம் அல்ல. பெரும்பாலான மாநிலங்களில் அது பொதுத் தகவல், கட்சிகளுக்கும் பிரச்சாரக் குழுக்களுக்கும் அந்தப் பட்டியல் கிடைக்கும். பதிந்த பிறகு வரும் குறுஞ்செய்திகளுக்கும் போன் அழைப்புகளுக்கும் நான் பொறுப்பல்ல.

எந்த மாநிலத்தில் எந்த முறை?

ஐம்பது மாநிலங்களையும் எழுதினால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். நாலு குடும்பங்களாகப் பிரித்துக்கொள்ளலாம்.

மூடிய பிரைமரி: அந்தந்தக் கட்சியில் பதிந்தவர் மட்டும். நியூயார்க், பென்சில்வேனியா, புளோரிடா.

பாதி மூடியது: கட்சியில் பதிந்தவர் தன் கட்சியில் மட்டும், கட்சி சாராதவர் அன்றைக்கு ஒரு கட்சியைத் தேர்ந்தெடுக்கலாம். நியூ ஜெர்சி, நியூ ஹாம்ப்ஷயர்.

திறந்தது: டெக்சாஸ், ஜார்ஜியா, வர்ஜீனியா, மின்னசோட்டா, விஸ்கான்சின் போன்றவற்றில் வாக்காளர் பட்டியலில் கட்சி என்ற பத்தியே இல்லை. இல்லினாயிலும் அப்படித்தான், ஆனால் வாக்குச்சாவடியில் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும், அதைக் குறித்தும் வைப்பார்கள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி 2016இல் சிகாகோ புறநகரில் முதன்முதலாகக் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) பிரைமரியை ஜெயித்தது இந்த முறையில்.

எல்லாரும் ஒரே சீட்டில்: கலிபோர்னியா, வாஷிங்டன், அலாஸ்கா. இதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

வடக்கு டகோட்டா மட்டும் தனிப்பிறவி. அங்கே வாக்காளர் பதிவே கிடையாது. அடையாள அட்டையோடு போனால் போதும்.

நியூயார்க்கில் இப்போதும் அக்டோபர்தானா?

இல்லை. 2016இல் ஊர் சிரித்த பிறகு, 2019இல் சட்டத்தை மாற்றினார்கள். இப்போது கட்சி மாற்றத்துக்கான தேதி பிப்ரவரி 14. காதலர் தினம் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. அன்றைக்குள் தேர்தல் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த விண்ணப்பம் உடனே செல்லும். அதற்குப் பிறகு வந்ததை அப்படியே ஓரமாக வைத்து, ஜூன் பிரைமரி முடிந்து ஏழாவது நாள்தான் கணக்கில் எடுப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புதிதாகப் பெயர் பதிகிறவருக்குக் கடைசித் தேதி தேர்தலுக்கு 10 நாள் முன்பு. அவர் அந்தப் படிவத்திலேயே கட்சியையும் குறித்துவிட்டால் அந்தப் பிரைமரியிலேயே ஓட்டு உண்டு. ஆக, பத்து வருடமாகப் பட்டியலில் இருந்தும் கட்சி குறிக்காதவர் பிப்ரவரியோடு வெளியே. ஜூன் மாதம் முதல் வாரம் புதிதாகப் பதிந்தவர் உள்ளே. 2025 மேயர் தேர்தலில் ஒரே வீட்டில் கணவருக்கு ஓட்டு இல்லை, அப்போதுதான் குடியுரிமை வாங்கிய மனைவிக்கு உண்டு என்று நடந்ததை நானே பார்த்தேன். வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

நியூ ஜெர்சியில் 55 நாள் கணக்கு என்கிறார்களே, அது என்ன?

நம் ஆட்கள் நிறைய இருக்கும் மாநிலம் என்பதால் சற்று விவரமாகவே சொல்கிறேன்.

புதிதாகப் பெயர் பதிய, தேர்தலுக்கு 21 நாள் முன்பு வரை நேரம் உண்டு. கட்சி குறிக்காமல் இருப்பவர் கவலைப்பட வேண்டாம். பிரைமரி நாளில் வாக்குச்சாவடியிலேயே "இந்தக் கட்சி" என்று சொல்லி ஓட்டுப் போடலாம். சிக்கல், ஏற்கெனவே ஒரு கட்சியில் இருந்துகொண்டு இன்னொரு கட்சிக்குப் போக நினைப்பவருக்கு. அவர் 55 நாள் முன்பே மாற்றியிருக்க வேண்டும். 2024இல் பிரைமரி ஜூன் 4. கட்சி மாறக் கடைசித் தேதி ஏப்ரல் 10. பெயர் பதிய மே 14. நடுவில் ஒரு மாதத்துக்கும் மேல் இடைவெளி.

"நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லையே" என்று பலர் அடித்துச் சொல்வார்கள். எப்போதோ ஒரு பிரைமரியில் ஓட்டுப் போட்டிருப்பார்கள். அன்றைக்கே அந்தக் கட்சியில் பதிவாகியிருக்கும். 2008இல் ஒபாமா–ஹிலாரி போட்டியின்போது போய்ப் போட்டது மறந்தே போயிருக்கும், பட்டியல் மறக்காது. நியூ ஹாம்ப்ஷயரில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: ஓட்டுப் போட்டு வெளியே வரும்போதே ஒரு தாளில் கையெழுத்திட்டு மறுபடி கட்சி சாராதவராக ஆகிவிடலாம்.

பென்சில்வேனியா, புளோரிடா?

இரண்டும் மூடியவை, ஆனால் கணக்கு சுலபம். பெயர் பதிவுக்கும் கட்சி மாற்றத்துக்கும் ஒரே தேதி. பென்சில்வேனியாவில் தேர்தலுக்கு 15 நாள் முன்பு (2019 வரை 30 நாளாக இருந்தது), புளோரிடாவில் 29 நாள் முன்பு. பென்சில்வேனியாவில் கட்சி சாராதவருக்கும் பிரைமரி நாளில் சில சமயம் வேலை உண்டு: அன்றைக்கு மக்கள் வாக்கெடுப்புக் கேள்வியோ இடைத்தேர்தலோ சேர்ந்து வந்தால் அதற்கு எல்லாரும் ஓட்டுப் போடலாம்.

டெக்சாஸ் வந்துவிட்டோம். இங்கே கட்சியே பதிய வேண்டாமாமே?

வேண்டாம். ஆனால் பெயர் பதிவில் கறார். 30 நாள் முன்பு. தேர்தல் நாளன்று போய்ப் பதிகிற வசதி இல்லை. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கும்போது செய்வதைத் தவிர, இணையத்திலேயே புதிதாகப் பதிந்து முடிக்கும் வழியும் இல்லை. படிவத்தை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். 2024 மார்ச் 5 பிரைமரிக்குக் கடைசித் தேதி பிப்ரவரி 5. ஐ.டி. வேலையில் இருக்கும் நம் பையன்களுக்கு இது நம்ப முடியாத விஷயம். பாதிப் பேர் வலைத்தளத்தில் எதையோ நிரப்பிவிட்டு முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். தாள் போய்ச் சேராத வரை பதிவு இல்லை.

பிரைமரி நாளில் எந்தக் கட்சியின் சீட்டையும் கேட்கலாம். கேட்ட பிறகு அந்த வருடம் முழுக்க அந்தக் கட்சி ஆள்தான். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் மே மாதம் மறுசுற்று வரும். மார்ச்சில் ஒரு கட்சியில் போட்டவர் மறுசுற்றில் மற்றக் கட்சிக்குத் தாவ முடியாது. மார்ச்சில் போகாமலே இருந்தவர் மே மாதம் எதில் வேண்டுமானாலும் போடலாம்.

கலிபோர்னியாவில் கட்சி எதுவானாலும் பரவாயில்லை என்கிறார்களே?

பாதி உண்மை. 2010இல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த மாற்றத்தின்படி, ஆளுநர், காங்கிரஸ், மாநிலச் சட்டமன்றம் போன்ற பதவிகளுக்கு எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில் நிற்பார்கள். யார் வேண்டுமானாலும் யாருக்கும் போடலாம். முதல் இரண்டு பேர் நவம்பருக்குப் போவார்கள், இருவரும் ஒரே கட்சி என்றாலும் கூட. 2016இல் கமலா ஹாரிஸ் செனட்டுக்கு நின்றபோது நவம்பரில் எதிரே நின்ற லொரெட்டா சான்செஸும் ஜனநாயகக் கட்சிக்காரரே. கமலாவின் தாய்வழித் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் பேனர் கட்டி அமர்க்களப்பட்டது அதற்குப் பல வருடம் கழித்து. அதே 2016இல், இதே முறை உள்ள வாஷிங்டன் மாநிலத்தில் சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலும் சொந்தக் கட்சிக்காரரை எதிர்த்தே நவம்பரில் ஜெயித்தார். அலாஸ்காவில் 2022 முதல் இரண்டுக்குப் பதில் நாலு பேர் போகிறார்கள்.

மீதிப் பாதி, ஜனாதிபதித் தேர்தல். அதற்கு இந்த விதி செல்லாது. கலிபோர்னியாவில் கட்சி குறிக்காதவரை அனுமதிப்பதா என்பது ஒவ்வொரு கட்சியின் முடிவு. 2020, 2024 இரண்டு முறையும் ஜனநாயகக் கட்சி அனுமதித்தது, குடியரசுக் கட்சி மறுத்தது. அனுமதித்த கட்சியின் சீட்டும் தானாக வராது. தபால் ஓட்டுக்காரர்களுக்கு முன்னதாக ஒரு அட்டை வரும். அதில் கேட்டு அனுப்பாவிட்டால், ஜனாதிபதி பதவி இல்லாத சீட்டு வீட்டுக்கு வந்து சேரும். விளம்பரத் தாள் என்று நினைத்துக் குப்பையில் போடப்படும் அட்டைகளில் இதற்குத்தான் முதலிடம்.

இன்னொரு பொறி. 'சுயேச்சை' என்ற நினைப்பில் 'அமெரிக்கன் இண்டிபெண்டன்ட் பார்ட்டி' என்ற கட்டத்தில் டிக் போடுகிறவர்கள் அங்கே ஏராளம். அது ஒரு தனிக் கட்சி. 1968இல் இனப் பிரிவினைவாதி ஜார்ஜ் வாலஸ் ஜனாதிபதிக்கு நின்ற கட்சி. கட்சி வேண்டாம் என்றால் 'நோ பார்ட்டி ப்ரிஃபரன்ஸ்' என்ற கட்டம்தான்.

கலிபோர்னியாவின் கடைசித் தேதி 15 நாள் முன்பு. தவறவிட்டால் தேர்தல் நாள் வரை வாக்கு மையத்தில் நேரில் போய்ப் பதிந்து, கட்சியும் மாற்றி, அங்கேயே ஓட்டுப் போட்டுவிட்டு வரலாம். விசாரித்துவிட்டு எண்ணுவார்கள்.

கட்சி மாற எதற்கு இத்தனை மாதம் முன்பே?

எதிர்க்கட்சிக்காரர்கள் கூட்டமாக உள்ளே புகுந்து, தோற்கடிக்கச் சுலபமான ஆளை வேட்பாளராக்கிவிட்டுப் போவார்கள் என்ற பயம். பிரைமரிக்கு எட்டு மாதம் முன்பே கட்சியில் பதிந்திருக்க வேண்டும் என்ற நியூயார்க்கின் விதி 1973இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் நீதிபதிகள் விதியை ஏற்றார்கள்: தேதிக்குள் பதிந்திருக்கலாமே, பதியாதது உங்கள் குற்றம் என்றார்கள். அதே வருடம் இல்லினாயின் விதியைத் தள்ளினார்கள். அங்கே ஒரு கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போட்டவர் 23 மாதத்துக்கு வேறு கட்சியின் பிரைமரிப் பக்கமே போகக் கூடாது என்று இருந்தது. எட்டு மாதம் பரவாயில்லை, 23 மாதம் அதிகம். அந்த எல்லைக்கு நடுவில்தான் மாநிலங்கள் இன்றும் தேதி குறிக்கின்றன.

அந்தப் பயம் ஆதாரமில்லாததும் அல்ல. 2022இல் வயோமிங்கில் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த லிஸ் செனி, தனக்குக் குடியரசுக் கட்சிப் பிரைமரியில் ஓட்டுப் போடும்படி ஜனநாயகக் கட்சிக்காரர்களையே அழைத்தார். தோற்றுத்தான் போனார். இருந்தும் அடுத்த வருடமே மாநிலம் சட்டம் போட்டது: வேட்புமனு தொடங்கும் மே மாதத்துக்கு முன்பிருந்து ஆகஸ்ட் பிரைமரி முடியும் வரை கட்சி மாறவே முடியாது. என் கருத்தைக் கேட்டால், இந்த விதிகளில் அகப்பட்டுக்கொள்பவர்கள் சூழ்ச்சிக்காரர்கள் அல்ல. அவர்களுக்குத் தேதி தெரியும். அகப்படுவது இரண்டு குழந்தைகளோடும் இரண்டு வேலையோடும் ஓடிக்கொண்டிருக்கும் சாதாரண ஆள்.

30 நாள் என்ற எண் எங்கிருந்து வந்தது?

டென்னசியில் ஒரு வருடம் குடியிருந்தால்தான் ஓட்டு என்ற விதியை 1972இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. நிர்வாக வேலைக்கு 30 நாள் தாராளம் என்றது. 1993இல் வந்த தேசிய வாக்காளர் பதிவுச் சட்டம், கூட்டாட்சித் தேர்தல்களுக்கு 30 நாளுக்கு மேல் முன்கூட்டிப் பதிவை மூடக் கூடாது என்று கட்டிப்போட்டது. பிரைமரியும் இதில் அடக்கம். ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் "வாக்காளராகவும் பதியட்டுமா?" என்று கேட்பது இதே சட்டத்தால்தான். கவனிக்க: இந்த 30 நாள் பெயர் பதிவுக்கு. கட்சி மாற்றத் தேதியை இந்த வரம்புக்கு வெளியே வைத்துத்தான் மாநிலங்கள் நடத்துகின்றன.

கடைசித் தேதி என்றால் தபாலில் போடும் நாளா, போய்ச் சேரும் நாளா?

மாநிலத்தைப் பொறுத்தது. டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் தபால் முத்திரைத் தேதி கணக்கு. நியூயார்க்கிலும் பென்சில்வேனியாவிலும் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முத்திரையையும் நம்பி இருக்க வேண்டாம். பெட்டியில் போட்ட நாளன்று முத்திரை விழும் என்று உத்தரவாதம் இல்லை, பிரிக்கும் மையத்துக்குப் போன பிறகுதான் விழும். கடைசி வாரத்தில் என்றால் கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் நேரில் கொடுத்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டில் பெயர் ஒரு மாதிரி, உரிமத்தில் ஒரு மாதிரி. எதை எழுதுவது?

இனிஷியல் வைத்துக்கொண்டு வந்த நம் தலைமுறையின் தீராத தலைவலி. அப்பா பெயர் கடைசிப் பெயராகி, சிலருக்கு முதல் பெயரே 'எஃப்.என்.யூ.' (முதல் பெயர் தெரியவில்லை) ஆகி, திருமணத்துக்குப் பிறகு இன்னொன்றாகி நிற்கும். 2002இல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி படிவத்தில் ஓட்டுநர் உரிம எண், அது இல்லாவிட்டால் சோஷியல் செக்யூரிட்டியின் கடைசி நாலு இலக்கம் கேட்பார்கள். அதை அந்தத் துறையின் பதிவோடு ஒப்பிடுவார்கள். எனவே உரிமத்தில் எப்படி இருக்கிறதோ எழுத்து பிசகாமல் அப்படியே எழுதுங்கள். உரிமத்திலேயே தப்பு என்றால் முதலில் அதைத் திருத்துங்கள்.

கிரீன் கார்டு இருக்கிறது. பிரைமரி கட்சி விவகாரம்தானே, போடலாமா?

கூடாது. கிரீன் கார்டு, ஹெச்-1பி, ஹெச்-4 எதுவானாலும் கூடாது. ஓட்டுப் போடுவது மட்டுமல்ல, பெயர் பதிவதே ஆபத்து. படிவத்தின் முதல் கேள்வியே "நீங்கள் அமெரிக்கக் குடிமகனா?" என்பது. தெரியாமல் 'ஆம்' என்று குறித்தாலும் குடியுரிமை பற்றிப் பொய் சொன்னதாகக் கருதப்படலாம்; 1996 சட்டப்படி அதற்கு நாடு கடத்தல் வரை போகலாம், மன்னிப்புக்கு வழி மிகக் குறைவு. பின்னால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் என்-400 படிவத்திலும், எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா, ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்பார்கள்.

இது பெரும்பாலும் நடப்பது ஓட்டுநர் உரிம அலுவலகத்தில். வரிசை நீளம், பின்னால் ஆள், திரையில் கேள்வி மேல் கேள்வி, எல்லாவற்றுக்கும் 'ஆம்', 'ஆம்'. பத்து விநாடி நின்று படியுங்கள். தவறுதலாக வாக்காளர் அட்டை வீட்டுக்கு வந்துவிட்டால் அதைப் பத்திரமாக வைத்து, ஓட்டுப் போடாமல், முதலில் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். பெயர் நீக்கக் கடிதத்தை அவர் எழுதட்டும். மேரிலாந்தின் டகோமா பார்க் போன்ற சில ஊர்களில் உள்ளூர்த் தேர்தலுக்கு மட்டும் குடிமகன் அல்லாதவரை அனுமதிக்கிறார்கள். அங்கேயும் வழக்கறிஞரைக் கேட்காமல் போக வேண்டாம் என்பேன்.

அடுத்த வாரம் குடியுரிமைப் பிரமாணம். தேதி தாண்டிவிட்டதே?

பிரமாணம் எடுப்பதற்கு முன் பதியக் கூடாது. எடுத்த அன்றே பதியலாம். மண்டப வாசலிலேயே படிவத்தோடு நிற்பார்கள். கடைசித் தேதிக்குப் பின் பிரமாணம் எடுத்தவருக்குக் கலிபோர்னியா தனி வழி வைத்திருக்கிறது: வாக்குப்பதிவு முடியும் வரை கவுண்டி அலுவலகத்தில் நேரில் பதிந்து ஓட்டுப் போடலாம். மிச்சிகன், இல்லினாய், மின்னசோட்டா, விஸ்கான்சின் போன்று தேர்தல் நாளன்றே பதிய விடும் மாநிலங்களில் இது பிரச்சினையே இல்லை. முகவரிச் சான்று மட்டும் கையில் வேண்டும். நியூ ஹாம்ப்ஷயரில் குடியுரிமைச் சான்றிதழையும் எடுத்துச் செல்லுங்கள். 2024 நவம்பருக்குப் பிறகு அங்கே புதிதாகப் பதிய அது கட்டாயம்.

மாநிலம் மாறிவிட்டோம். பழைய பதிவு தொடருமா?

தொடராது. புதிய மாநிலத்தில் புதிதாகப் பதிய வேண்டும், கட்சியையும் புதிதாகக் குறிக்க வேண்டும்.

மகனுக்கு 17 வயது. நவம்பருக்குள் 18 ஆகிவிடும்.

இல்லினாய், ஒஹாயோ, வர்ஜீனியா, மேரிலாந்து, வடக்கு கரோலினா உட்படப் பல மாநிலங்களில் அவன் பிரைமரியில் ஓட்டுப் போடலாம். நியூ ஜெர்சியில் 2026 முதல். நியூயார்க், பென்சில்வேனியா, டெக்சாஸில் முடியாது. கலிபோர்னியாவில் 2020இல் இதை வாக்கெடுப்புக்கு விட்டார்கள், தோற்றுவிட்டது.

வாக்குச்சாவடியில் பெயர் இல்லை என்கிறார்கள். திரும்பி வந்துவிடுவதா?

திரும்ப வேண்டாம். தற்காலிக வாக்குச்சீட்டு கேளுங்கள். 2002 சட்டம் தரும் உரிமை அது. பட்டியலில் பிழை என்று பிறகு தெரிந்தால் எண்ணுவார்கள். ஆனால் என் கதை போல, பட்டியல் சரியாக இருந்து கட்சிதான் இல்லை என்றால், மூடிய பிரைமரியில் அந்தச் சீட்டு எண்ணப்படாது. அன்றைக்கு நானும் ஒன்று போட்டுவிட்டு வந்தேன். சில வாரம் கழித்து, எண்ணப்படவில்லை என்று கடிதம் வந்தது.

அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. கூட நான் போகலாமா?

போகலாம். வாக்குரிமைச் சட்டத்தின் 208ஆவது பிரிவுப்படி, படிக்க முடியாதவர் தனக்கு வேண்டியவரை உதவிக்கு அழைத்துக்கொள்ளலாம். வேலை கொடுத்த முதலாளியும் அவருடைய ஆளும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது. யாருக்குப் போடுவது என்று அம்மா முடிவு செய்யட்டும்.

அமெரிக்கக் குடிமக்கள், இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறோம். பிரைமரி எங்களுக்கு உண்டா?

உண்டு. கடைசியாகக் குடியிருந்த அமெரிக்க முகவரியின் மாநில விதிதான் உங்களுக்கும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கென்று ஒரே விண்ணப்ப அட்டை இருக்கிறது. பெயர் பதிவும் வாக்குச்சீட்டுக் கோரிக்கையும் அதிலேயே முடியும். பிரைமரிக்கு எந்தக் கட்சி என்று கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு வருடமும் ஜனவரியில் புதிதாக ஒன்று அனுப்புவது நல்லது. கூட்டாட்சிப் பதவிகளுக்கான தேர்தல் என்றால், நேரத்தோடு கேட்டவர்களுக்கு 45 நாள் முன்பே சீட்டை அனுப்பியாக வேண்டும் என்பது சட்டம்; மின்னஞ்சலில் வேண்டும் என்று குறித்தால் அப்படியே வரும். நிரப்பிய சீட்டை மின்னஞ்சலில் திருப்பி அனுப்ப எல்லா மாநிலங்களும் விடுவதில்லை. விடாவிட்டால் கூரியர், அல்லது சென்னையில் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகம். அங்கே கொடுப்பதானால் ஒரு மாதம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.